வீட்டுக் கணக்கு: சும்மா நிற்கும் வெந்நீருக்கும் கூலி உண்டு!



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று, மாம்பலத்தில் வசிக்கும் ஒரு சகோதரியிடமிருந்து வந்தது. ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி வீட்டுச் சண்டை; இரண்டாவது கேள்வி மகளின் படிப்பு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துத்தான் அவர் எழுதியிருக்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

முதலில் சண்டை. அந்தச் சகோதரியின் மாமியாருக்கு வயது 78. விடியற்காலை நாலரை மணிக்குக் குளித்துவிட வேண்டும். அது அறுபது வருஷத்துப் பழக்கம். குளியலறையில் 25 லிட்டர் கீசர் இருக்கிறது. மாமியாருக்காக அதை இரவும் பகலும் போட்டே வைத்திருந்தார்கள். மின்சாரக் கட்டணம் வந்த அன்று வீட்டுக்காரர் குதித்தார். "இனிமேல் ராத்திரி கீசர் ஓடக் கூடாது" என்று உத்தரவு போட்டு, தாமே ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தார். மறுநாளிலிருந்து மாமியார் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யாரையும் எழுப்பாமல் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார். மூன்றாம் நாள் இருமல் வந்துவிட்டது. பழி யார் மேல் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "கட்டணம் ஏறினாலும் நான்தான் காரணம், அத்தைக்கு இருமல் வந்தாலும் நான்தான் காரணம். அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் செலவாகும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வி: மகள் கட்டிடக் கலை படிக்கிறாள். நூறு பெண்கள் தங்கும் ஒரு விடுதி, ஒரு வருஷத்தில் எவ்வளவு மின்சாரம் சாப்பிடும் என்று கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்ட வேண்டுமாம். அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை வெளியிட்டிருக்கும் 'எனர்ஜிபிளஸ்' என்ற புரோகிராமில் வெந்நீர்த் தொட்டிக்கென்று ஒரு பக்கம் வருகிறது. அதில் ஒரு கட்டத்தில் 'திறன்' என்றும், வேறு கட்டங்களில் 'வெளியே கசியும் உஷ்ணம்' என்றும் கேட்கிறதாம். "கடைக்காரர் 'நூற்றுக்கு நூறு திறன்' என்கிறார், அப்படியானால் கசிவு எங்கிருந்து வந்தது என்று குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

பேஷான கேள்வி! பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம். பால்காரர் கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

வாளிக் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். டாக்டர்கள் சாப்பாட்டு விஷயத்தில் 'கலோரி, கலோரி' என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையில் இதே கிலோ கலோரிதான். மின்சார மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. இந்த இரண்டு விஷயம் போதும். லிட்டரை டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

ஒரு வாளி 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மேல்மாடித் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி. குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஏற்ற வேண்டியது 13 டிகிரி. 15-ஐ 13-ஆல் பெருக்கினால் 195. அதை 860-ஆல் வகுத்தால் 0.23 யூனிட். ஆக, ஒருவர் ஒரு வாளி வெந்நீரில் குளிக்க ஆகும் உண்மையான செலவு கால் யூனிட்டுக்கும் குறைவு! நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு நாலு வாளி என்றால் ஒரு நாளைக்கு 0.91 யூனிட்.

"அவ்வளவுதானா! அப்படியானால் எங்கள் வீட்டுக் கட்டணம் ஏன் அப்படி ஏறுகிறது?" என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவன்

கீசருக்குள் இருக்கும் மின்சாரச் சுருள் தண்ணீருக்குள்ளேயே முழுகியிருக்கிறது. அது விடும் உஷ்ணம் தண்ணீரைத் தவிர வேறு எங்கும் போக வழியில்லை. ஆகவே கடைக்காரர் 'நூற்றுக்கு நூறு' என்று சொல்வதில் பொய் இல்லை, ஏறக்குறைய அப்படித்தான். கேஸில் எரியும் ஹீட்டரானால் புகையோடு கொஞ்சம் உஷ்ணம் வெளியே போய்விடும். சாதாரணமாக எண்பது பங்கு தண்ணீரில் சேர்ந்தால் நல்லது. ஆனால் நிலக்கரியில் ஓடும் மின்சார நிலையத்தில் கரியின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது என்பதையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் நூறு வாங்கும் மாணவன், அங்கே முப்பத்து மூன்றுதான் வாங்கியிருக்கிறான்!

போகட்டும். தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகிவிட்டது. தெர்மாஸ்டாட் 'டிக்' என்று அணைந்துவிட்டது. சிவப்பு விளக்கும் போய்விட்டது. இனிமேல் செலவு இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் தொட்டிக்குள் 60, குளியலறையில் 30. உஷ்ணத்துக்கு ஒரே ஒரு குணம்: உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூர்ப் பயணத்துக்குக் கூஜாவில் எடுத்துப் போன காப்பி, ஸ்டேஷன் வந்து சேருவதற்குள் ஆறிவிடுவதில்லையா? அதே கதைதான். தொட்டியைச் சுற்றியுள்ள நுரை உறை அந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது. தண்ணீர் கொஞ்சம் ஆறியதும் தெர்மாஸ்டாட் மறுபடி சுருளைத் தட்டி எழுப்பும். யாரும் குளிக்காமலே, யாரும் குழாயைத் திறக்காமலே, நாள் முழுவதும் இப்படி நடக்கும். இதற்குத்தான் 'நிற்கும் நஷ்டம்' என்று பெயர். வெந்நீர் சும்மா நிற்பதற்காக நாம் கொடுக்கும் கூலி!

நட்சத்திரச் சீட்டில் என்ன இருக்கிறது?

கீசரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டைக் கடையில் பார்த்திருப்பீர்கள். 2001-ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட பி.இ.இ. என்ற மத்திய அரசு நிறுவனம் கொடுப்பது அது. தண்ணீரைச் சேமித்து வைக்கும் மின்சாரக் கீசர்களுக்கு அந்த நட்சத்திரங்கள் எதற்காகக் கொடுக்கப்படுகின்றன தெரியுமா? சீக்கிரம் சூடாக்குவதற்காக அல்ல. நிற்கும் நஷ்டம் குறைவாக இருப்பதற்காகத்தான். சீட்டிலேயே அந்த எண் இருக்கும்: உள்ளுக்கும் வெளிக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருந்தால், 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் கசியும் என்பது.

உதாரணத்துக்கு, ஒரு 25 லிட்டர் கீசரின் சீட்டில் 0.9 யூனிட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 45-ஆல் வகுத்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு நாளைக்கு 0.02 யூனிட். இனி எந்த ஊருக்கும் கணக்குப் போடலாம். சென்னையில் தொட்டி 60, அறை 30 என்றால் வித்தியாசம் 30. ஆகவே நாளொன்றுக்கு 0.6 யூனிட். ஊட்டிக் குளிரில் அறை 15 என்றால் வித்தியாசம் 45, அங்கே 0.9 யூனிட் முழுவதும் போகும். சென்னையிலேயே தெர்மாஸ்டாட்டை 50-க்குக் குறைத்தால் வித்தியாசம் 20; நஷ்டம் 0.4 யூனிட்.

0.6 யூனிட் என்பது பெரிய தொகையா என்று கேட்கலாம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் பார்க்கிறார்கள். 60 நாளைக்கு அது 36 யூனிட். யூனிட் ஏற ஏற, படிக்குப் படி விலையும் ஏறும் அல்லவா? இந்த 36 யூனிட் எப்போதும் மேல் படியில் போய்த்தான் உட்காரும்.

மாணவனின் மார்க்கு ஏன் இறங்கியது?

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு உபயோகப்பட்டது 0.91 யூனிட். நாள் முழுவதும் கீசரைப் போட்டே வைத்தால் நின்று கரைந்தது 0.6. மொத்தம் 1.51. ஆக, நூற்றுக்கு நூறு வாங்கிய கீசர் நம் வீட்டுக்கு வந்ததும் 60 மார்க்குத்தான் வாங்குகிறது!

ஒரே ஒரு பாட்டி தனியாக இருக்கும் வீட்டில், ஒரு வாளிக்காக அதே கீசர் நாள் முழுவதும் ஓடினால்? உபயோகம் 0.23, நஷ்டம் 0.6. மார்க்கு 27! எட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் எட்டு வாளி என்றால் மார்க்கு 75. கீசர் ஒன்றேதான், கம்பெனியும் ஒன்றேதான். குடும்பம் மாறினால் மார்க்கு மாறுகிறது. சமைத்த பாத்திரம் பெரிதாக இருந்து சாப்பிட ஆள் இல்லாவிட்டால் மிச்சம் வீணாவது போலத்தான் இதுவும்.

அமெரிக்காவில் இதைப் புரிந்துகொண்டுதான் சீட்டு ஒட்டுகிறார்கள். அங்கே ஹீட்டரை 24 மணி நேரம் சோதித்து, சூடாக்கும் திறனையும் நிற்கும் நஷ்டத்தையும் சேர்த்து ஒரே மார்க்காகக் கொடுக்கிறார்கள். அதிலும் ஒரு நாளைக்கு 10, 38, 55, 84 காலன் என்று நாலு விதமான உபயோகம் வகுத்து, ஹீட்டரின் சக்திக்கு ஏற்ற வகையில் சோதிக்கிறார்கள். அங்கே சோதனைக்கு உள்ளே விடும் தண்ணீர் 14 டிகிரி. சூடு 52 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊர் மார்க்கை அப்படியே எடுத்து வந்து சென்னைக் கணக்கில் எழுதினால், குளிர்காலச் சட்டையைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்ட மாதிரி ஆகும்.

பக்கத்து வீட்டு மாமி சொல்வது

"அணைத்துப் போட்டால் அதிகச் செலவு" என்பது ரொம்பப் பேர் நம்பும் விஷயம். பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தால் கீசர் நிறைய நேரம் ஓடுகிறது. அதைக் கண்ணால் பார்க்கிறோம். போட்டே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓடுகிறது. அது கண்ணில் படுவதில்லை. அதனால் வந்த மயக்கம் இது.

உண்மை என்ன? தொட்டிக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது, அது இழந்த உஷ்ணத்தை மட்டும்தான். அது எவ்வளவு இழக்கும் என்பது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அணைத்துவிட்டால் ஆற ஆறக் கசிவு குறையும். போட்டே வைத்தால் எப்போதும் முழுச் சூட்டில், முழு வேகத்தில் கசியும். ஆகவே, அணைத்து வைப்பது ஒருநாளும் அதிகச் செலவாகாது. மாமி சொல்வது தவறு.

ஆனால் வீட்டுக்காரர் நினைக்கிற அளவு லாபமும் எப்போதும் வந்துவிடாது! நம் உதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் சூடாக்கி, யாரும் தொடாமல், ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தால் 60 டிகிரி 45-க்குத்தான் இறங்கும். அணைத்த தொட்டி இழந்தது 0.44 யூனிட், போட்டே வைத்தது இழந்தது 0.6. மிச்சம் 0.16 யூனிட்தான்.

பெரிய லாபம் எங்கே இருக்கிறது தெரியுமா? எல்லோரும் குளித்து முடித்த அந்த நிமிஷத்தில்! 60 டிகிரி வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால், நாலு வாளிக்கு வேண்டிய வெந்நீர் ஏறக்குறைய 24 லிட்டர். அதாவது, நாலாவது ஆள் குளித்ததும் 25 லிட்டர் தொட்டி காலி. உள்ளே புகுந்திருப்பது பச்சைத் தண்ணீர். அப்போது அணைத்துவிட்டால் கசிவதற்கு அங்கே எதுவுமே இல்லை. அணைக்க மறந்துவிட்டு ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டோமானால், கீசர் பாட்டுக்கு 25 லிட்டரை மறுபடி சூடாக்கி, மறுநாள் காலை வரைக்கும் காவல் காத்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரிந்தால் பதறுகிறோம். இது மட்டும் சத்தமில்லாமல் நடக்கிறது. ராத்திரி அணைப்பதைவிடக் காலை எட்டு மணிக்கு அணைப்பதுதான் முக்கியம்.

அத்தைக்கு வெந்நீர்

இப்போது மாம்பலத்துச் சகோதரிக்குத் தீர்ப்பு. இரவு ஒன்பது மணிக்குக் கீசரைப் போடுங்கள். 2000 வாட் சுருளானால் 25 லிட்டரைச் சூடாக்க அரை மணி நேரம் போதும். ஒன்பதரைக்கு அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள். நம் உதாரணத் தொட்டியானால், காலை நாலரை மணிக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும்? 54 டிகிரி! ஏழு மணி நேரத்தில் இறங்கியது ஆறு டிகிரிகூட இல்லை. அத்தை ஒரு வாளி விளாவிக்கொள்ள ஏழரை லிட்டர் வெந்நீர் போதும். ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். இரவில் கசிந்தது 0.16 யூனிட். மற்றவர்கள் எழுந்ததும் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளலாம். எட்டு மணிக்கு அணைத்துவிடலாம்.

வீட்டுக்காரர் சொன்னபடி ராத்திரி கீசர் ஓடவில்லை. அத்தைக்கும் வெந்நீர் கிடைத்தது. ஆனால் ஒன்று செய்யுங்கள். "ராத்திரி அணைத்திருந்தாலும் குழாயில் வெந்நீர் வரும், அத்தை" என்று நீங்களே ஒரு முறை கூட நின்று திறந்து காட்டிவிடுங்கள். அணைத்த கீசரில் வெந்நீர் இருக்கும் என்று பழைய மனுஷிகள் எப்படி நம்புவார்கள்? நல்ல தண்ணீர் தொட்டிக்குள் இருக்கும்போதே அவர் மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சீட்டு இல்லாத பழைய கீசரா?

நட்சத்திரச் சீட்டு இல்லாத பழைய தொட்டியானால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 100 டிகிரி வரை காட்டும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வெந்நீரில் விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும். இரவு, சிவப்பு விளக்கு அணைந்ததும் ஸ்விட்சை நிறுத்துங்கள். குழாயில் தங்கியிருக்கும் ஆறின தண்ணீரைப் போகவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் பிடித்துச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் கழித்து அதே மாதிரி மறுபடி பாருங்கள். இறங்கின டிகிரியைத் தொட்டியின் லிட்டரால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் அந்த எட்டு மணி நேரத்தில் கசிந்த யூனிட் கிடைத்துவிடும்.

25 லிட்டர் தொட்டியில் 60 டிகிரி 48-ஆக இறங்கியிருந்தால் 0.35 யூனிட் கசிந்திருக்கிறது. போட்டே வைத்திருந்தால் நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். அந்தத் தொட்டிக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மகளின் விடுதி

கட்டிடக் கலை படிக்கும் பெண்ணுக்கு இப்போது பதில் சுலபம். முதல் கட்டத்தில் சுருளின் திறன், ஏறக்குறைய ஒன்று. அடுத்த கட்டத்தில் தொட்டியின் கசிவு. நாளொன்றுக்கு 0.9 யூனிட் என்பது இடைவிடாமல் எரியும் 37.5 வாட் விளக்குக்குச் சமம். அதை 45-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 0.83 வாட். அதுதான் கம்ப்யூட்டர் கேட்கும் எண். சுருள் ஓடும்போதும் ஓடாதபோதும் தொட்டியின் சுவர் ஒன்றுதானே? ஆகவே மின்சாரத் தொட்டிக்கு இரண்டு நிலைக்கும் அதே எண்ணைப் போடலாம். அமெரிக்கச் சீட்டு மாதிரி இரண்டும் சேர்ந்த மார்க்கைத் திறன் கட்டத்தில் எழுதி, கசிவுக் கட்டத்தையும் நிரப்பினால் ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை எழுதியதாகிவிடும். மளிகைக் கடைக்காரர் அப்படிச் செய்தால் விடுவோமா?

விடுதிக்கு வருவோம். நூறு பெண்கள், ஆளுக்கு ஒரு வாளி: உபயோகம் 23 யூனிட். ஐம்பது குளியலறையில் ஐம்பது கீசர் நாள் முழுவதும் ஓடினால் நஷ்டம் மட்டும் 30 யூனிட்! குளிப்பதைவிடக் கசிவது அதிகம்.

"அப்படியானால் ஐம்பதையும் சேர்த்து ஒரே பெரிய தொட்டியாக வைத்தால்?" நல்ல யோசனைதான். அதே கனமுள்ள உறை போட்டால், பெரிய தொட்டியின் மேல்பரப்பு ஐம்பது சின்னத் தொட்டிகளின் மொத்தப் பரப்பில் நாலில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நஷ்டம் 30-லிருந்து 8 யூனிட்டுக்கு இறங்கிவிடும்.

சந்தோஷப்படுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்! மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் வெந்நீர் சுற்றிச் சுற்றி வர 100 மீட்டர் குழாய் என்று வையுங்கள். மீட்டருக்கு 10 வாட் வீதம் கசிந்தால் மொத்தம் 1000 வாட்; இரவும் பகலும் பம்ப் சுற்றினால் 24 யூனிட். தொட்டியின் 8-ஐச் சேர்த்தால் 32. ஐம்பது கீசரைவிட மோசம்! குழாய்க்கு நல்ல உறை போட்டு, பம்ப்பைக் காலையிலும் மாலையிலும் மட்டும் ஓடவிட்டால்தான் பெரிய தொட்டி ஜெயிக்கும். தொட்டியை மட்டும் எழுதிவிட்டுக் குழாயை விட்டுவிட்டால், கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்! நாம் சொன்னதைத்தான் அது கூட்டும்.

இன்னொன்று: கசிந்த உஷ்ணம் எங்கே போகிறது என்பதையும் எழுத வேண்டும். குளிர் தேசத்தில் அது வீட்டைக் கொஞ்சம் சூடாக்கி உபகாரம் செய்யும். நம் ஊரில் ஏ.சி. அறைக்கு மேல் மச்சில் தொட்டியை ஒளித்து வைத்தால், தொட்டி விட்ட உஷ்ணத்தை ஏ.சி. மறுபடி செலவு செய்து வெளியேற்ற வேண்டும்.

வீட்டுக்கும் இது பொருந்தும். அரை அங்குலக் குழாய் 10 மீட்டர் நீளமிருந்தால் அதற்குள் 1.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடவை மூடும்போதும் அந்த வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். ஒரு நாளில் பத்துத் தடவை திறந்து மூடினால், ஒரு தொட்டியின் முழுநாள் நஷ்டம் அங்கேயே போய்விடும். கை கழுவ வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு

"தெர்மாஸ்டாட்டை நாற்பதிலேயே வைத்துவிட்டால் நஷ்டம் இன்னும் குறையுமே?" என்று சமர்த்துக்காரர்கள் கேட்பார்கள். வேண்டாம். 1976-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலருக்கு விசித்திரமான நிமோனியா கண்டு, பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான கிருமியை மறு வருஷம் கண்டுபிடித்து 'லிஜியனெல்லா' என்று பெயர் வைத்தார்கள். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், 20-லிருந்து 45 டிகிரிக்குள் வளரும் கிருமி அது. 60 டிகிரியில் உயிர் பிழைப்பதில்லை. விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரிய தொட்டியை 60-இல் வைப்பது இதனால்தான். நஷ்டத்தைக் குறைக்க உறையைக் கனமாக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம்; சூட்டை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது.

அதே சமயம், 60 டிகிரி வெந்நீர் குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இதை வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்து தேசத்து வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். 'கீசர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்தக் கருவிக்குப் புகை போக வழி இல்லை. இன்றைக்கும் அடைத்த குளியலறைக்குள் கேஸ் கீசரை வைத்தால் அதே ஆபத்துத்தான். வாசனையில்லாத, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அதை வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

குறித்துக் கொள்ள

சிறு குடும்பத்துக்குச் சிறு தொட்டி. 'இருக்கட்டும்' என்று பெரியதாக வாங்காதீர்கள்.

கடையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், நிற்கும் நஷ்டத்தின் எண்ணையும் படியுங்கள். ஒரே அளவுள்ள தொட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசி ஆள் குளித்ததும் அணைப்பது யார் என்று வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். மறதி அதிகமானால் டைமர் ஸ்விட்ச் ஒன்று போடலாம்.

சூரிய வெந்நீர்த் தொட்டியில் மின்சாரச் சுருளும் இருந்தால், அதை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். விடிவதற்குள் மின்சாரம் தொட்டியைச் சூடாக்கிவிட்டால், சூரியனுக்கு வேலை இருக்காது.

உங்கள் வீட்டுத் தொட்டியில் இரவு எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். லிட்டரையும் சேர்த்து எழுத மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் என்னால் கணக்குப் போட முடியாது.